டேக்கோவைக் கழற்றியதில் வந்த வினை

டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 1980களில் வந்த வெர்டிகல் மில்லிங் மெஷின் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, செத்துப்போன கன்ட்ரோலைக் கழற்றிவிட்டு, லினக்ஸ்சிஎன்சி என்ற மெஷின் ஓட்டும் மென்பொருள் போட்ட கம்ப்யூட்டரில் ஓட்டுகிறார். டி.சி. சர்வோ மோட்டார்கள் அதே பழையவை. டிரைவ் புதிது, பிளஸ் மைனஸ் 10 வோல்ட் வாங்கும் அனலாக் வகை. எக்ஸ் அச்சில் டேக்கோ, அதாவது மோட்டாரின் வேகத்தை வோல்டேஜாகச் சொல்லும் கருவி, அதன் சிக்னல் அழுக்காக வருகிறது, அதுதான் இடத்தை எண்ணிச் சொல்லும் என்கோடர் இருக்கிறதே என்று டேக்கோவைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த டிரைவை, வேகத்தைப் பார்க்காமல் முறுக்குவிசையை மட்டும் தரும் டார்க் மோடுக்கு மாற்றியிருக்கிறார். ஒய் அச்சில் டேக்கோ அப்படியே இருக்கிறது. இப்போது எக்ஸ் நின்ற இடத்தில் உறுமுகிறது, கம்ப்யூட்டரில் பி என்ற எண்ணை, அதாவது இடம் தப்பினால் எவ்வளவு பலமாகத் திருத்துவது என்பதை, ஏற்றினால் டேபிளே ஆடுகிறது, இறக்கினால் வட்டம் முட்டையாக வருகிறது. "அண்ணா, பெரிய டிரைவ் வாங்கட்டுமா?" என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள் தம்பி. டிரைவில் குற்றம் இல்லை, மோட்டாரிலும் இல்லை. எக்ஸும் ஒய்யும் ஒரே மெஷினில் இருந்துகொண்டு இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன, அவ்வளவுதான். கழற்றிய டேக்கோவைத் துடைத்து மாட்டினாலே உங்கள் தலைவலியில் முக்கால்வாசி போய்விடும். ஏன் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

சர்வோவில் மூன்று லூப், அதாவது அளந்து பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் சுற்று, ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் உள்ளே கரண்ட் லூப், அதுதான் டார்க். அதைச் சுற்றி வேக லூப். வெளியே பொசிஷன் லூப், உங்கள் விஷயத்தில் அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட நாலைந்து மடங்காவது வேகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே இருப்பவர் கத்துவதற்குள் உள்ளே இருப்பவர் வேறு எங்கோ போய்க்கொண்டிருப்பார். வெட்டும்போது டூல் தரும் அதிர்ச்சியைத் தாங்குவது, ஸ்லைடின் உராய்வை விழுங்குவது, நடுக்கத்தை அடக்குவது எல்லாம் நடு லூப்பின் வேலை. நீங்கள் அந்த நடு ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அவர் சம்பளத்தையும் வேலையையும் சேர்த்து பொசிஷன் லூப் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

பிளஃப் பக்கம் நின்று டர்பன் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய உடம்பு, திருப்பினால் உடனே திரும்பாது, திரும்ப ஆரம்பித்தால் உடனே நிற்காது. சுக்கான் பிடிப்பவர் திசை எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் கப்பல் இடமும் வலமுமாகப் பாம்பு போல நெளியும். எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்த்து, திசை சேர்வதற்கு முன்பே சுக்கானை எதிர்ப்பக்கம் கொடுப்பார். நிகோலஸ் மினோர்ஸ்கி 1922இல் இதைத்தான் கணக்காக எழுதினார், அமெரிக்கக் கடற்படையின் நியூ மெக்சிகோ போர்க்கப்பலில் சோதித்தும் பார்த்தார்கள். நாம் இன்று பி (இப்போதைய தப்பு), ஐ (சேர்ந்துபோன தப்பு), டி (தப்பு மாறும் வேகம்) என்று திருகிக்கொண்டிருப்பதற்கு அதுதான் மூலம். வேகத்தைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்க்கிறவன் ஆடத்தான் செய்வான்.

சரி, கம்ப்யூட்டரில் டி போட்டிருக்கிறேனே, அதுவும் வேகம்தானே என்பீர்கள். வேகம்தான், ஆனால் எப்படிப்பட்ட வேகம் என்று பாருங்கள். உங்கள் என்கோடர் 1000 லைன், நாலால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 4000 கவுண்ட். பால் ஸ்க்ரூ 5 மில்லிமீட்டர் பிட்ச், நேரடி கப்ளிங், ஆக ஒரு கவுண்ட் 1.25 மைக்ரான். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் பார்க்கிறது. அந்த ஒரு மில்லிசெகண்டில் ஒரு கவுண்ட் நகர்ந்தால் அது நிமிடத்துக்கு 15 சுற்று என்று கணக்காகும், டேபிளில் நிமிடத்துக்கு 75 மில்லிமீட்டர். அதற்குக் கீழே அதற்குத் தெரிந்த ஒரே வேகம் பூஜ்யம். நீங்கள் நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டரில் ஃபினிஷிங் கட் ஓட்டினால் டேபிள் சீராகத்தான் போகும், ஆனால் கம்ப்யூட்டர் பார்ப்பது 75, 75, 0, 75, 75, 0. ஒவ்வொரு தாவலுக்கும் டி ஒரு உதை கொடுக்கும். வினாடிக்கு நூற்றுக்கணக்கான உதை. நின்ற இடத்தில் கேட்கும் உறுமலும் இந்த வகைதான், ஒரு கவுண்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு இங்கேயும் அங்கேயும் தட்டிக்கொண்டிருக்கிறது. டி-யை ஏற்றினால் உறுமல், இறக்கினால் ஆட்டம். இரண்டுக்கும் நடுவில் நல்ல இடம் என்று ஒன்று உங்கள் மெஷினில் இல்லவே இல்லை, அதனால்தான் நீங்கள் மூன்று வாரமாகத் தேடியும் கிடைக்கவில்லை.

டேக்கோ அப்படியில்லை. அது குட்டி ஜெனரேட்டர், சுற்றும் வேகத்துக்கு ஏற்ற வோல்டேஜைத் தொடர்ச்சியாகத் தரும், கவுண்டும் கிடையாது மில்லிசெகண்டும் கிடையாது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் 7 வோல்ட் தரும் டேக்கோ என்றால் 10 சுற்றில் 70 மில்லிவோல்ட், 1 சுற்றில் 7 மில்லிவோல்ட். மெதுவான ஃபீடில்தான் இதன் அருமை தெரியும். பழசு என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தை யோசிப்பதில்லை.

அழுக்கான சிக்னலுக்கு வருவோம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், அது சராசரியைத்தான் காட்டும். ஸ்கோப் வேண்டும், வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப். மோட்டாரைக் கப்ளிங்கில் இருந்து பிரித்து, சீரான வேகத்தில் ஏதாவது ஒரு டிரில்லால் சுற்றி, டேக்கோ வயரைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கோட்டில் பள்ளம் விழுந்தால் பிரஷ் உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரில் ஒரு செக்மெண்ட் சரியாகத் தொடவில்லை. கோடு முழுக்க மயிர் முளைத்த மாதிரி இருந்தால் கார்பன் தூசி அல்லது தேய்ந்த பிரஷ். கடல் காற்று அடிக்கும் ஊரில், அதுவும் மாதக்கணக்கில் சும்மா கிடந்த மெஷினில், கம்யூட்டேட்டர் கறுத்துப்போவது சாதாரணம். பிரஷ்களை எந்தப் பக்கம் எது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள், பக்கம் மாற்றி மாட்டிவிடக் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள், செக்மெண்டுகளுக்கு நடுவில் இருக்கும் காடியில் அடைந்த கரியைப் பல் குத்தும் குச்சியால் எடுங்கள். எமரி தாள் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் தூள் மின்சாரம் கடத்தும், காடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வயர். டேக்கோ வயர் ஷீல்ட் போட்டதாக இருக்க வேண்டும், ஷீல்டை டிரைவ் பக்கம் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், மோட்டார் பவர் கேபிளோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள்.

இன்னொன்று, டேக்கோ மோட்டார் ஷாஃப்டோடு எப்படி சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இதில் எனக்கு ஒரு கதை உண்டு. கோயம்புத்தூரில் தொழில் கற்றுக்கொண்டு இங்கே வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும், டர்பனின் மொபேனியில் ஒரு பட்டறையில் பெரிய லேத். இசட் அச்சு விசில் அடித்தது, பிரஷர் குக்கர் மாதிரி. கெயினை, அதாவது லூப் திருத்தும் பலத்தை, கொஞ்சம் ஏற்றினால் விசில், இறக்கினால் த்ரெட் கோணல். இரண்டு நாள் டிரைவோடு மல்லுக்கட்டினேன், டிரைவ் போர்டை மாற்றினேன், மாற்றிய போர்டும் விசில் அடித்தது. மூன்றாம் நாள் மோட்டாரின் பின் மூடியைக் கழற்றினால், டேக்கோவின் கப்ளிங் உடைந்திருந்த இடத்தில் எவரோ ஒரு புண்ணியவான் பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்றைச் சொருகி, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு முடுக்கியிருந்தார். அழகான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், டேக்கோ மோட்டாருக்குப் பின்னால் தாமதமாகத்தான் திரும்பும், அந்தத் தாமதத்தில் லூப் தன் வாலையே கடிக்கும். சரியான பெல்லோஸ் கப்ளிங் போட்டதும் பழைய கெயினைப் போல இரண்டு மடங்கு ஏற்றியும் சத்தம் இல்லை. முதலாளி இரண்டு நாள் கூலியைக் கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், என் தலையில் இல்லை, அவர் தலையில்தான்.

அதனால் டிரைவில் இருக்கும் எந்த டிரிம்பாட்டையும் (சின்ன அளவுத் திருகு) தொடுவதற்கு முன்னால் இரும்பைப் பாருங்கள். கப்ளிங் ஸ்க்ரூ, பால் ஸ்க்ரூவின் சப்போர்ட் பேரிங், ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் ஜிப் பட்டை, எண்ணெய். டேபிளைக் கையால் தள்ளி டயல் கேஜில் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். லூஸாக இருப்பதை ட்யூனிங் இறுக்காது.

இனி மாட்டும் முறை. டிரைவை வேக மோடுக்கு மாற்றுங்கள். கரண்ட் லிமிட்டை நன்றாகக் குறைத்து வையுங்கள். டேபிளை நடுவில் நிறுத்துங்கள், எமர்ஜென்சி பட்டனில் கை இருக்கட்டும். இசட் அச்சு என்றால் ஹெட்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம். எனேபிள் கொடுத்ததும் அச்சு ஒரு பக்கமாக ஓடினால் டேக்கோ வயர் இரண்டும் தலைகீழ், மாற்றிப் போடுங்கள். ஓடும்போது டேக்கோ வயர் அறுந்தாலும் இதே கதிதான், வேகம் பூஜ்யம் என்று நம்பி டிரைவ் முழு மூச்சில் தள்ளும், அதனால் அந்த கனெக்டரை கேபிள் டை போட்டுக் கட்டுங்கள், ஆடிக்கொண்டு தொங்க விடாதீர்கள்.

அடுத்தது அளவு. உங்கள் ரேபிட், வெட்டாமல் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 5 மீட்டர் என்றீர்கள், 5 மில்லிமீட்டர் பிட்ச்சில் அது 1000 சுற்று. 10 வோல்டுக்கு 1000 சுற்று என்று வைக்காதீர்கள், 8 வோல்டுக்கு வையுங்கள். மிச்சம் 2 வோல்ட், பின்தங்கினால் எட்டிப் பிடிப்பதற்கு. அப்போது 10 வோல்ட் என்றால் வினாடிக்கு 104 மில்லிமீட்டர் சுமார், லினக்ஸ்சிஎன்சியில் அவுட்புட் ஸ்கேலை அதற்கேற்பப் போட்டால் பிஐடியின் வெளியீடு நேராக மில்லிமீட்டர்/வினாடியில் பேசும், எல்லாக் கணக்கும் சுலபமாகிவிடும். டேக்கோ அளவை மாற்றினால் லூப் கெயினும் சேர்ந்து மாறும், ஆகவே முதலில் இதை முடித்துவிட்டுத்தான் கெயின் பக்கம் போக வேண்டும்.

வேக லூப்பைக் கம்ப்யூட்டர் இல்லாமல் ட்யூன் செய்யுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காட்டிய பெட்டி இன்றும் என் பையில் இருக்கிறது: டார்ச் செல் ஒன்று, 1.5 வோல்ட், திசை மாற்றும் ஸ்விட்ச் ஒன்று, இரண்டு வயர், எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள். கமாண்ட் வயரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், மேலே சொன்ன அளவில் மோட்டார் சுமார் 187 சுற்றில் ஓடும், டேபிள் வினாடிக்குப் பதினைந்து பதினாறு மில்லிமீட்டர். லிமிட் ஸ்விட்ச் வரை போவதற்குள் நிதானமாகத் திருப்பலாம். ஸ்விட்சைத் தட்டித் தட்டி டேக்கோவை ஸ்கோப்பில் பாருங்கள். கெயின் குறைவென்றால் கோடு சோம்பேறியாக ஏறும். ஏற்றிக்கொண்டே போங்கள், ஒரு கட்டத்தில் மெஷினில் கை வைத்தால் மெல்லிய ரீங்காரம் தெரியும், காதுக்கு வருவதற்கு முன் கைக்கு வரும். அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். வேகத்தில் ஒரே ஒரு சின்ன மீறல், பத்து சதவீதத்துக்குள், இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது மூன்றாவது அலை தெரிந்தால் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: இதைச் செய்யும்போது கரண்ட் லிமிட்டைத் திரும்ப ஏற்றியிருக்க வேண்டும். லிமிட்டில் முட்டினால் கோடு வளைவாக இல்லாமல் நேர்ச்சரிவாக ஏறும். அந்த நேரத்தில் நீங்கள் எந்த டிரிம்பாட்டைத் திருகினாலும் படம் மாறாது, 'இது வேலையே செய்யவில்லை' என்று சுற்றிக்கொண்டே போய்விடுவீர்கள். ஜெனரேட்டரில் ட்யூன் செய்வதும் இதே வகைத் தொல்லைதான். 2023இல் இங்கே லோட் ஷெட்டிங், அந்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது சின்ன ஜெனரேட்டரில் ஓட்டிக்கொண்டே ட்யூன் செய்தவர்கள் உண்டு. அச்சு முடுக்கும்போது வோல்டேஜ் சரியும், மெஷின் மந்தமாகத் தெரியும், கெயினை ஏற்றுவார்கள், கரண்ட் வந்ததும் மெஷின் துள்ளும்.

டேபிளின் இரண்டு முனையிலும் நடுவிலும் பாருங்கள், காலைக் குளிரில் ஒரு தடவை, சூடான பிறகு ஒரு தடவை, கனமான வைஸை ஏற்றி ஒரு தடவை. எல்லா இடத்திலும் அமைதியாக இருக்கும் கெயின்தான் உங்கள் கெயின்.

அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர். டி பூஜ்யம், ஐ பூஜ்யம். முதலில் டிரைவின் பேலன்ஸ் திருகு. கமாண்ட் பூஜ்யமாக இருக்கும்போது அச்சு ஊர்ந்தால் அதை நிறுத்துங்கள். 10 மில்லிவோல்ட் தப்பு இருந்தால் வினாடிக்கு 0.1 மில்லிமீட்டர் ஊர்தல், பி 20 வைத்திருந்தால் 5 மைக்ரான் நிரந்தர விலகல். பி-யை 5இல் ஆரம்பித்து ஏற்றுங்கள். அவுட்புட் ஸ்கேலைச் சரியாகப் போட்டிருந்தால் இந்த பி-தான் புத்தகங்களில் பொசிஷன் கெயினுக்கு வரும் கே.வி., கிலோவோல்ட் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய மேனுவலில் 'ஒரு மில்லிமீட்டருக்கு 1 மீட்டர்/நிமிடம்' என்று இருந்தால் அது 16.67. ஃபானுக் கன்ட்ரோலில் 1825ஆம் பாராமீட்டரில் 3000 என்று இருப்பது 30. சரிபார்க்க எளிய வழி, நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் ஃபீடில் ஓட்டி ஃபாலோயிங் எரரை, சொன்ன இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, பாருங்கள்: வினாடிக்கு 10 மில்லிமீட்டர், பி 20 என்றால் எரர் 0.5 மில்லிமீட்டர் வர வேண்டும். வேறு எண் வந்தால் ஸ்கேலில் எங்கோ தப்பு.

எக்ஸும் ஒய்யும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும், எது தாங்கவில்லையோ அதற்கு மற்றது இறங்கி வர வேண்டும். உங்கள் முட்டையின் ரகசியம் இங்கேதான். ஒன்று அதிகம் பின்தங்கி மற்றது குறைவாகப் பின்தங்கினால் வட்டம் 45 டிகிரியில் சாய்ந்த நீள்வட்டமாகும். சோதனை சுலபம்: அலுமினியத்தில் 50 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டத்தைக் கடிகார திசையில் வெட்டுங்கள், பக்கத்தில் இன்னொன்றை எதிர்த்திசையில். முட்டையின் நீளப்பக்கம் திசையோடு சேர்ந்து மறுபக்கம் சாய்ந்தால் கெயின் பொருந்தவில்லை. இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் எக்ஸும் ஒய்யும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை, அதற்கு ட்யூனிங் மருந்து கிடையாது. நாலு திசை மாறும் இடங்களில் மட்டும் சின்னப் புடைப்பு வந்தால் உராய்வு அல்லது பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் லூஸ்).

இரண்டும் பொருந்தினாலும் வட்டம் கொஞ்சம் சின்னதாக வரும். ஆரம் 25 மில்லிமீட்டர், ஃபீட் நிமிடத்துக்கு 1800 மில்லிமீட்டர், பி 30 என்றால் ஆரம் 20 மைக்ரான் குறையும். பி 15 என்றால் 80 மைக்ரான். பாதியாக்கினால் தப்பு நாலு மடங்கு. இதற்காகப் பி-யைப் பிடித்து மேலே தள்ளாதீர்கள். அதற்கு எஃப்எஃப்1 இருக்கிறது: வேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது. 0.9இல் ஆரம்பித்து 1.0 நோக்கிப் போங்கள், லினக்ஸ்சிஎன்சியிலேயே இருக்கும் ஹால்ஸ்கோப்பில் ஃபாலோயிங் எரர் பூஜ்யத்தை ஒட்டிப் படுக்கும். கடைசியாக வேண்டுமானால் துளி ஐ. துளி என்றால் துளிதான். டிரைவுக்குள் ஏற்கெனவே ஒரு ஐ இருக்கிறது, இரண்டும் சேர்ந்து ஸ்லைடின் உராய்வோடு சண்டை போட்டால், நின்ற அச்சு இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு தடவை மூச்சு விடுவது போல முன்னும் பின்னும் நகரும்.

ஒருவர் உங்களுக்கு பி, ஐ, டி எண்களை ஜீக்லர்–நிக்கோல்ஸ் முறையில் போடச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1942இல் வந்த நல்ல முறைதான், ஆனால் அது ஆலைகளின் வெப்பம், அழுத்தம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால்வாசி ஆகும்வரை ஆடி அடங்கலாம் என்பது அதன் கணக்கு. சர்க்கரை ஆலை பாய்லரில் அளவு கொஞ்சம் மேலே போய்க் கீழே வந்தால் ஒன்றும் குடிமுழுகாது. இரும்பில் குடையும் பாக்கெட்டின் மூலையில் கட்டர் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் ஜாப் குப்பைக்கு.

டேக்கோ துடைத்தும் திருந்தவில்லை, கம்யூட்டேட்டரே தேய்ந்துவிட்டது என்றால் இரண்டு வழி. என்கோடரை நேராக வாங்கி வேக லூப்பைத் தானே மூடும் டிரைவ் ஒன்று. அதோடு நல்ல என்கோடரும் வாங்குங்கள்: 17 பிட் என்றால் சுற்றுக்கு 131072 கவுண்ட், அந்த 15 சுற்று அரைச் சுற்றுக்கும் கீழே வந்துவிடும். செலவில்லாத வழி, என்கோடரைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் உங்கள் மேசா கார்டு பல்ஸ் வந்த நேரத்தையும் குறித்து வேகத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. அந்த வேகத்தைப் பிஐடியின் ஃபீட்பேக்-டெரிவ் பின்னோடு இணைத்துவிட்டால் 75, 75, 0 தொல்லை நிறையக் குறையும். டேக்கோ அளவுக்கு வராது, ஆனால் டேக்கோ கிடைக்கும் வரை ஓட்டலாம்.

முதலில் டிரில்லால் சுற்றி டேக்கோவின் ஸ்கோப் படத்தை எடுத்து அனுப்புங்கள், பிரஷ் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை, தேவைப்பட்டால் பிஸ்கட் டப்பாவோடு வருகிறேன். டார்ச் செல் மட்டும் புதிதாக வாங்கி வையுங்கள்.